விண்மீன் பிறக்காத மண்டலங்கள் வளர்வது எப்படி?

(இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவர், அடி அண்ணாமலை)

வளர்ச்சி என்றால் அது உள்ளிருந்து வருவது என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். விதை முளைக்கிறது, கன்று மரமாகிறது, குழந்தை உண்டு, உறங்கி, ஆளாகிறது. உயிர்ப்பு நின்றுவிட்டால் வளர்ச்சியும் நின்றுவிடும் என்பது அன்றாடம் நாம் காணும் உண்மை. பட்ட மரம் பருப்பதில்லை.

வானத்திலோ பட்ட மரமும் பருக்கிறது! புதிய விண்மீன்கள் தோன்றுவது அடியோடு ஓய்ந்துபோன மாபெரும் விண்மீன் மண்டலங்கள், ஓய்ந்த பின்னும் பல நூறு கோடி ஆண்டுகளாகப் பெருத்துக்கொண்டே வந்திருக்கின்றன. இது எவ்வாறு இயலும்? இவ்வினாவுக்கு வானநூலார் கடந்த இருபது ஆண்டுகளில் தேடிக் கண்ட விடையை இங்குக் காண்போம். அவ்விடைக்கு அடிப்படையான கணக்கு ஒன்றைச் சென்னையில் கல்வி கற்ற தமிழர் ஒருவர் 1943-ஆம் ஆண்டிலேயே செய்து வைத்துவிட்டார் என்பதையும் காண்போம்.

மண்டலமும் அதன் நிறமும்

விண்மீன்களும் வாயுவும் தூசும் தம் ஈர்ப்பு விசையால் ஒன்றையொன்று கட்டிப் பிடித்திருக்கும் பெருங்கூட்டமே விண்மீன் மண்டலம். ஆங்கிலத்தில் இதனைக் காலக்ஸி என்பர். நமது சூரியன் உள்ள பால்வழி மண்டலத்தில் பதினாயிரம் கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. அதன் குறுக்களவு ஏறத்தாழ ஓர் இலட்சம் ஒளியாண்டு. இதில் இன்றும் புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. குளிர்ந்த வாயு மேகம் தன் ஈர்ப்பினால் சுருங்கி, நடுவில் வெப்பம் மிகுந்து, ஒளிவிடத் தொடங்குவதே விண்மீனின் பிறப்பு. எனவே குளிர்ந்த வாயு உள்ளவரையில்தான் பிறப்பு உண்டு.

சில மண்டலங்களில் இந்த வாயு தீர்ந்துவிடுகிறது. அல்லது, மண்டலத்தின் நடுவிலுள்ள பெருங்கருந்துளை கக்கும் ஆற்றலால் சூடேறிச் சுருங்க மாட்டாமல் போகிறது. அல்லது வெளியே அடித்துச் செல்லப்படுகிறது. பிறப்பு நின்றுபோனதை எப்படி அறிவது? நிறத்தைக் கொண்டு அறியலாம். சூரியனைப் போல இருபது மடங்கு நிறையுள்ள நீல விண்மீன் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டில் எரிந்து முடிந்துவிடும். சூரியனைப் போன்ற விண்மீனோ ஆயிரம் கோடி ஆண்டு நின்று எரியும். அதனினும் சிறிய சிவப்பு விண்மீன்கள் இன்னும் நெடுங்காலம் வாழும். எனவே புதிய பிறப்பு இல்லாத மண்டலத்தில் நீல நிறம் முதலில் மறையும். முதிர்ந்த சிவப்பே எஞ்சும். மழலை ஒலி கேட்காமல் முதியோர் மட்டுமே வாழும் ஊரைப் போன்றது அது. இவ்வகை மண்டலங்களை நாம் 'ஓய்ந்த மண்டலங்கள்' என்று அழைப்போம். இவற்றுள் பெரும்பாலானவை முட்டை போன்ற வடிவுடைய நீள்வட்ட மண்டலங்கள்.

2005-இல் எழுந்த புதிர்

தொலைவில் உள்ளதைப் பார்ப்பது பழங்காலத்தைப் பார்ப்பதாகும். ஒளி நம்மை வந்தடையக் காலம் எடுத்துக்கொள்வதே காரணம். பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு. ஆயிரம் கோடி ஆண்டுக்கு முன் புறப்பட்ட ஒளியைப் பெருந்தொலைநோக்கியில் பிடித்தால், அன்றைய மண்டலங்களை அன்றிருந்தபடியே காணலாம்.

2005-ஆம் ஆண்டு தொடங்கிப் பல ஆய்வுக் குழுவினர் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியால் அவ்வாறு நோக்கியபோது வியப்பான ஒன்றைக் கண்டனர். அந்தப் பழங்காலத்திலேயே ஓய்ந்துபோன மண்டலங்கள் இருந்தன. அவை நிறையில் பெரியனவாகவும் அளவில் மிகச் சிறியனவாகவும் இருந்தன. 2008-இல் வான் டொக்கும் என்ற வானியலாரும் அவர் குழுவினரும் இத்தகைய ஒன்பது மண்டலங்களை அளந்து வெளியிட்டனர். அவற்றின் நிறை சராசரியாக 17,000 கோடி சூரியன்களுக்குச் சமம். ஆனால் அவற்றின் ஒளியில் பாதி வெளிவரும் உட்பகுதியின் ஆரம் 3,000 ஒளியாண்டு மட்டுமே. நீள்வட்ட மண்டலத்திற்குத் தெளிவான விளிம்பு கிடையாது. ஆதலால் இந்தப் 'பாதி ஒளி ஆர'த்தையே அதன் அளவாகக் கொள்வது வழக்கம். இன்று நம் அண்மையில் உள்ள அதே நிறையுள்ள நீள்வட்ட மண்டலத்திற்கு இந்த ஆரம் ஏறத்தாழ 16,000 ஒளியாண்டு.

ஆரம் ஐந்து மடங்கு வேறுபட்டால் பருமன் 125 மடங்கு வேறுபடும். அப்படியானால் அந்தப் பழைய மண்டலங்களில் விண்மீன்கள் இன்றைய மண்டலங்களைவிட நூறு மடங்குக்கும் மேல் நெருக்கமாக அடைபட்டிருந்தன என்று பொருள்.

அளவீடு தவறாக இருக்கலாமே என்ற ஐயம் எழுவது இயல்பு. மங்கிய வெளிப்பகுதி படத்தில் விழாமல் போய், உட்பகுதி மட்டுமே தெரிந்திருக்கலாம் அல்லவா? இதனைச் சோதிக்க வேறொரு வழி உண்டு. நிறை மிகுந்து ஆரம் சிறுத்தால் உள்ளே உலவும் விண்மீன்கள் விரைந்து ஓடியாக வேண்டும். இன்றேல் ஈர்ப்பில் நடுவை நோக்கி வீழ்ந்துவிடும். அவ்வேகத்தை நிறமாலைக் கோடுகளின் அகலத்திலிருந்து அறியலாம். 2009-இல் இத்தகைய மண்டலம் ஒன்றின் ஒளியை 29 மணி நேரம் சேர்த்துப் பிடித்து, அதனுள் விண்மீன்கள் வினாடிக்கு ஏறத்தாழ 510 கிலோமீட்டர் வேகத்தில் அலைவதாகக் கண்டனர். இந்த அளவீட்டின் பிழை எல்லை சற்றுப் பெரிது. ஆயினும் இன்றைய ஒத்த மண்டலங்களில் காணும் வேகத்தைப் போல இது இரு மடங்குக்கும் மேல். ஆகவே அவை உண்மையிலேயே அடர்ந்த மண்டலங்கள்தாம் என்பது வலுப்பட்டது.

இப்போது புதிர் தெளிவாகிறது. அன்று இருந்த அந்த அடர்ந்த மண்டலங்கள் இன்று நம் அண்மையில் ஏறத்தாழ இல்லை. அவை எங்கே போயின? விண்மீன் மண்டலம் அழிந்து மறைந்துவிடும் பொருளன்று. எனவே அவை மாறியிருக்க வேண்டும், பெருத்திருக்க வேண்டும். உள்ளே பிறப்பே இல்லாதபோது எதைக் கொண்டு பெருத்தன?

இரண்டு பெரியவை கூடினால்

முதலில் தோன்றும் விடை, இரண்டு மண்டலங்கள் மோதி ஒன்றாயின என்பது. இதனை ஓர் எளிய கணக்கால் சோதித்துப் பார்ப்போம். நம் கல்லூரி இயற்பியல் போதும்.

ஈர்ப்பினால் கட்டுண்ட ஒரு கூட்டத்தைப் பிரித்துச் சிதறடிக்கத் தேவையான ஆற்றலைப் பிணைப்பாற்றல் என்போம். அது நிறையின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்திலும் ஆரத்திற்கு எதிர்விகிதத்திலும் அமையும். நிறை 1, ஆரம் 1 எனக் கொண்டால் பிணைப்பாற்றல் 1. இத்தகைய இரண்டு மண்டலங்கள் தொலைவிலிருந்து மெல்ல வந்து கூடுவதாகக் கொள்வோம். வாயு இல்லாததால் வெப்பமாகவோ ஒளியாகவோ ஆற்றல் வெளியேறாது. ஆகவே கூடிய மண்டலத்தின் பிணைப்பாற்றல் 1 + 1 = 2. அதன் நிறை 2; நிறையின் வர்க்கம் 4. நான்கை ஆரத்தால் வகுத்தால் 2 வர வேண்டும். எனவே புதிய ஆரம் 2.

நிறை இரு மடங்கு. ஆரமும் இரு மடங்கு. இது போதாது. ஆரம் ஐந்து மடங்காக வேண்டுமானால் நிறையும் ஐந்து மடங்காக வேண்டும். அவ்வளவு நிறையுள்ள மண்டலங்கள் இன்று வானில் மிகுதியாக இருக்க வேண்டும், அவ்வாறு இல்லை.

சிறியவை பல கூடினால்

இப்போது கணக்கைச் சற்று மாற்றுவோம். நிறை 1, ஆரம் 1 உள்ள பெரிய மண்டலம் ஒன்று. அதனோடு பத்துச் சிறு மண்டலங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றின் நிறை பத்தில் ஒரு பங்கு. அவை தளர்ந்த கட்டுடையவை, ஆரம் 0.4 எனக் கொள்வோம். ஒரு சிறு மண்டலத்தின் பிணைப்பாற்றல் 0.01-ஐ 0.4-ஆல் வகுத்தது, அதாவது 0.025. பத்துக்கும் சேர்த்து 0.25. மொத்தப் பிணைப்பாற்றல் 1.25. இறுதி நிறை 2. அதன் வர்க்கம் 4. நான்கை 1.25-ஆல் வகுத்தால் ஆரம் 3.2!

வந்து சேர்ந்த நிறை இரண்டு கணக்கிலும் ஒன்றே. பெரிய ஒன்றாக வந்தபோது ஆரம் இரு மடங்கானது. சிறு சிறு துண்டுகளாக வந்தபோது மூன்று மடங்கைத் தாண்டியது. சிறியவை இன்னும் தளர்ந்தவையாக இருந்தால் ஆரம் நான்கு மடங்கை எட்டும். விண்மீன்களின் அலைவு வேகமும் குறையும். நாப், யொஹான்சன், ஆஸ்ட்ரைக்கர் ஆகிய மூவர் 2009-இல் இக்கருத்தை விரிவான கணிப்பொறிக் கணக்குடன் வெளியிட்டனர். சிறியவை பெரியதனுள் இழுபடும்போது அவற்றின் தளர்ந்த வெளிவிண்மீன்கள் வழியிலேயே உரித்தெடுக்கப்படுகின்றன. நிலவின் ஈர்ப்பு கடலில் ஓதம் எழுப்புவது போல, பெரிய மண்டலத்தின் ஈர்ப்பு சிறியதன் ஒரு பக்கத்தை மிகுதியாகவும் மறு பக்கத்தைக் குறைவாகவும் இழுத்து அதனைக் கிழிக்கிறது. உரிந்த விண்மீன்கள் பெரியதன் வெளிப்புறத்தில் பரவித் தங்குகின்றன. நடுப்பகுதி முன்பு இருந்தபடியே இருக்கிறது.

இதனை நம் ஊரார் எளிதில் உணரலாம். திருவண்ணாமலைப் பெரிய கோயில் ஒரே காலத்தில் எழுந்ததன்று. உள்ளே பழைய கருவறை. சோழர் காலத்திலிருந்தே அங்குக் கல்வெட்டுகள் உண்டு. பின்னர் ஹொய்சள மன்னன் வல்லாளன் பெயரைத் தாங்கிய கோபுரம் எழுந்தது. கிருஷ்ணதேவராயர் தொடங்கிய 217 அடி இராஜகோபுரத்தைத் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் முடித்தார். வெளியே செல்லச் செல்லக் காலம் பிந்துகிறது, பரப்பு விரிகிறது, கட்டியவர்களும் வேறாகின்றனர். கருவறை மட்டும் அளவில் பெருக்கவில்லை. ஓய்ந்த மண்டலமும் இவ்வாறே பிராகாரம் பிராகாரமாக வெளியிலிருந்து விரிகிறது. கோயிலுக்குத் திட்டமிட்டவர் உண்டு. மண்டலத்திற்கு ஈர்ப்பு ஒன்றே கொத்தனார் என்பதுதான் வேறுபாடு.

சந்திரசேகர் கண்ட உராய்வு

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். சிறு மண்டலம் ஏன் பெரியதனுள் விழ வேண்டும்? பூமி சூரியனைச் சுற்றுகிறது; விழுவதில்லை. சிறு மண்டலமும் அவ்வாறே என்றென்றும் சுற்றிக்கொண்டிருக்கலாம் அல்லவா? விண்வெளியில் அதனைத் தடுத்து நிறுத்தக் காற்று இல்லையே!

இதற்கு விடை தந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910-இல் இலாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் 1930 வரை இயற்பியல் பயின்று, பின் கேம்பிரிட்ஜ் சென்று, 1937 முதல் அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். மாநிலக் கல்லூரியும் நம்முடையதைப் போன்ற ஓர் அரசு கலைக் கல்லூரியே என்பதை நினைவிற்கொள்ளுதல் நன்று. வெள்ளைக் குள்ள விண்மீன்களின் நிறைக்கு அவர் கண்ட எல்லை உலகறிந்தது. 1983-இல் நோபல் பரிசு பெற்றதும் அனைவரும் அறிந்ததே. 1943-இல் அவர் 'இயங்கியல் உராய்வு' என்ற தலைப்பில் எழுதிய கட்டுரைகளோ பொதுமக்களிடையே அவ்வளவாக அறியப்படாதவை.

அவர் கூறியது இது. கனமான பொருள் ஒன்று எண்ணற்ற விண்மீன்களினிடையே ஓடுகிறது. அதன் ஈர்ப்பினால் அக்கம்பக்கத்து விண்மீன்கள் அதை நோக்கித் திரும்புகின்றன. அவை நெருங்கி வருவதற்குள் அப்பொருள் முன்னே சென்றுவிடுகிறது. ஆகவே அதன் பின்னால் விண்மீன்கள் சற்றே நெருக்கமாகத் திரள்கின்றன. அந்தத் திரளின் ஈர்ப்பு அப்பொருளைப் பின்னோக்கி இழுக்கிறது. தொட்டு உராய்வது எதுவுமில்லை. ஆயினும் உராய்வின் விளைவு உண்டு.

பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் புகழ்பெற்ற நடிகர் ஒருவர் நடந்து செல்வதாக எண்ணிப் பாருங்கள். அவரைக் கண்டவர்கள் திரும்பி வருவதற்குள் அவர் சில அடிகள் கடந்துவிடுவார். எனவே கூட்டம் அவர் முதுகுப் புறத்தில்தான் திரளும். அவர் நடை தளரும். புகழ் மிகுந்தால் கூட்டமும் மிகும். அவர் காரில் விரைந்து போய்விட்டாலோ கூட்டம் சேரவே நேரமிராது.

சந்திரசேகரின் வாய்பாடும் இதையே கூறுகிறது. ஓடும் பொருளின் நிறை இரு மடங்கானால் பின்னிழுக்கும் விசை நான்கு மடங்காகும். சுற்றியுள்ள விண்மீன்களைவிட மிக விரைந்து ஓடும் பொருளுக்கு, வேகம் இரு மடங்கானால் விசை நான்கில் ஒரு பங்காகக் குறையும். நிறையும் வேகமும் பற்றிய இவ்விரண்டு விதிகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

சந்திரசேகர் இக்கணக்கைச் செய்தது மண்டலங்களுக்காக அன்று. விண்மீன் கொத்துகளிலிருந்து விண்மீன்கள் எவ்வளவு விரைவில் தப்பி ஓடும் என்பதை அறியவே செய்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1975-இல், ஆஸ்ட்ரைக்கரும் ட்ரெமெய்னும் இதே உராய்வை மண்டலக் கூட்டங்களுக்குப் பொருத்தி, நடுவிலுள்ள பெரிய மண்டலம் தன்னைச் சுற்றும் சிறு மண்டலங்களை விழுங்கிப் பெருக்கும் என்று காட்டினர். மண்டலங்களைச் சூழ்ந்து கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் பரவியிருப்பதும் பின்னர் உறுதிப்பட்டது. சிறு மண்டலத்தைப் பின்னிழுப்பதில் விண்மீன்களைவிட இக்கரும்பொருளுக்கே பங்கு மிகுதி. ஒரு வினாவுக்காகச் செய்த கணக்கு வேறொரு வினாவுக்கு விடையாவது அறிவியலில் பலமுறை நிகழ்ந்திருக்கிறது.

சான்றுகள் எவை?

கணக்கு சரியாக இருக்கலாம். வானம் அதை ஒப்புக்கொள்கிறதா? சான்றுகள் பல உள்ளன.

முதலாவது, ஓடுகள். 1980-இல் மாலின், கார்ட்டர் என்ற இருவர், ஆஸ்திரேலியாவில் எடுத்த ஒளிப்படத் தகடுகளில் மிக மங்கிய ஒளியையும் வெளிக்கொணரும் முறையைக் கையாண்டு, நீள்வட்ட மண்டலங்கள் சிலவற்றைச் சுற்றி வெங்காயத் தோல் போன்ற மெல்லிய ஒளி ஓடுகள் இருப்பதைக் கண்டனர். விழுங்கப்பட்ட சிறு மண்டலத்தின் விண்மீன்கள் நடுவைக் கடந்து அப்பாலும் இப்பாலும் ஊசலாடி, திரும்பும் இடத்தில் தேங்கி நிற்பதால் தோன்றுபவை அவை.

இரண்டாவது, நடுப்பகுதியும் வெளிப்பகுதியும். 2010-இல் வெளியான ஆய்வொன்றில், ஒத்த பெருமண்டலங்களைக் காலவாரியாக வரிசைப்படுத்தி ஒப்பிட்டனர். ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டில், நடுவிலிருந்து 16,000 ஒளியாண்டுக்குள் உள்ள நிறை பெரிதும் மாறவில்லை. அதற்கு வெளியே உள்ள நிறை நான்கு மடங்காகியிருந்தது. கருவறை மாறாமல் பிராகாரம் விரிந்ததற்கு இதைவிட நேரான சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது, கன்னி விண்மீன் குழுவின் திசையில் 5.4 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எம் 87 என்னும் பெருமண்டலம். நடுவிலுள்ள கருந்துளையின் படம் 2019-இல் வெளிவந்ததே, அதே மண்டலம்தான். 2015-இல் அதன் வெளிப்புறத்திலுள்ள முந்நூறு முதிர்ந்த விண்மீன்களின் வேகத்தை அளந்து, கடந்த நூறு கோடி ஆண்டுக்குள் அது ஒரு மண்டலத்தை விழுங்கியிருக்கிறது என்று காட்டினர்.

நான்காவது, விழுங்கப்படக் காத்திருப்பவை. 2021 டிசம்பரில் ஏவப்பட்ட வெப் தொலைநோக்கி, தொலைவிலுள்ள ஓய்ந்த மண்டலங்களைச் சுற்றி மங்கிய சிறு மண்டலங்கள் உலவுவதைப் படமெடுத்தது. 2023-இல் வெளியான அந்த ஆய்வு, அச்சிறியவை நடுமண்டலத்தைவிட நீலமானவை என்றது. ஓய்ந்த மண்டலங்களின் வெளிப்புறம் உட்புறத்தைவிட நீலமாக இருப்பதும் இதனோடு ஒத்துப்போகிறது.

வளராமல் நின்ற ஒன்று

ஒரு கருத்து உண்மையா என்று அறிய, அது நிகழாத இடத்தையும் பார்க்க வேண்டும். பெர்சியஸ் மண்டலக் கூட்டத்தில் என்.ஜி.சி. 1277 என்றொரு மண்டலம் உள்ளது. நம்மிடமிருந்து 20 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருந்தாலும், பேரண்ட அளவில் அது அண்டை வீடே. அதன் நிறை ஏறத்தாழ 12,000 கோடி சூரியன். பாதி ஒளி ஆரமோ 4,000 ஒளியாண்டு மட்டுமே. விண்மீன்கள் அனைத்தும் ஆயிரம் கோடி ஆண்டுக்கு மேற்பட்டவை. ஆதிகாலத்து அடர்ந்த மண்டலம் ஒன்று மாறாமல் இன்றுவரை நின்றிருக்கிறது!

மண்டலத்தைச் சுற்றியுள்ள கோளக் கொத்துகள் பொதுவாக இரு வகை. சிவப்பானவை மண்டலத்தோடு பிறந்தவை. நீலமானவை பெரும்பாலும் விழுங்கப்பட்ட சிறு மண்டலங்களோடு வந்தவை. 2018-இல் நோக்கியபோது என்.ஜி.சி. 1277-இல் நீலக் கொத்துகள் ஏறத்தாழ இல்லை. அதாவது அது யாரையும் விழுங்கவில்லை.

ஏன் விழுங்கவில்லை? சந்திரசேகரின் இரண்டாவது விதியை நினையுங்கள். பெரிய மண்டலக் கூட்டத்தினுள் மண்டலங்கள் வினாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றையொன்று கடந்து பறக்கின்றன. வேகம் மிகுந்தால் உராய்வு குறையும். பிடித்து இழுக்க நேரமில்லை. விருந்து நிறைந்த பந்தியில் அமர்ந்தும் அது பசித்தே இருந்தது. கூட்டத்தின் நடுவில் வீற்றிருக்கும் பெருமண்டலம் மட்டுமே நின்ற இடத்தில் இருந்து விழுங்குகிறது.

நம் ஊர் உவமையையும் இங்கே நிறைவு செய்யலாம். மலையின் மேற்குப் பக்கத்தில் எங்கள் அடி அண்ணாமலைக் கோயில் இருக்கிறது. முதலில் தோன்றிய கோயில் இதுவே என்று ஊரார் சொல்வர். நகரத்துக் கோயிலைப் போலப் பேரரசர்களின் பெருங்கோபுரங்கள் இதைச் சூழவில்லை. ஒரே மலையடியில் ஒன்று விரிந்தது, மற்றொன்று சிறியதாகவே நின்றது. சிறியதாய் நின்றதைக் கண்டால்தான் பெரியது எவ்வளவு விரிந்தது என்பது விளங்கும். வானநூலார் என்.ஜி.சி. 1277-ஐப் போற்றுவதும் இதற்காகவே.

தீராத வழக்கு

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று முடித்துவிடலாகாது. எதிர்க்கட்சிக்காரரின் வாதமும் வலுவுடையது.

நம் கல்லூரி மாணவரின் சராசரி உயரம் பத்தாண்டில் கூடியிருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு மாணவரும் வளர்ந்ததாலா அது? அன்று, புதிதாகச் சேர்ந்தவர் உயரமானவராக இருந்திருக்கலாம். ஓய்ந்த மண்டலங்களிலும் அவ்வாறே. முற்காலத்தில் ஓய்ந்தவை சிறியவை. பிற்காலத்தில், ஏற்கெனவே விரிந்திருந்த மண்டலங்கள் ஓய்ந்து இந்தக் கூட்டத்தில் சேர்கின்றன. அதனால் எந்த ஒரு மண்டலமும் வளராமலே சராசரி உயரும். 2013-இல் கரோல்லோ குழுவினர் இவ்வாதத்தைப் புள்ளிவிவரத்தோடு முன்வைத்தனர். இது ஓரளவு உண்மையே என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. எவ்வளவு என்பதே வழக்கு.

மற்றொரு தரப்பு, மண்டலம் தானே உப்பும் என்கிறது. முதிர்ந்த விண்மீன்கள் வாயுவை உதிர்க்கின்றன. அவ்வாயு மண்டலத்தை விட்டு வெளியேறினால் உள்ளீர்ப்பு குறைந்து விண்மீன்களின் பாதைகள் அகலும். ஆனால் உதிர்தலில் பெரும்பகுதி விண்மீன்களின் இளமைக் காலத்திலேயே முடிந்துவிடுவதால், பின்னாளைய விரிவை இதனால் விளக்குவது கடினம்.

சிறியவை சேர்தலே காரணம் என்போருக்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. 2012-இல் நியூமன் குழுவினர் ஓய்ந்த மண்டலங்களைச் சுற்றியுள்ள சிறு மண்டலங்களை எண்ணிக் கணக்கிட்டனர். கடந்த 800 கோடி ஆண்டு விரிவுக்கு அவை பெரும்பாலும் போதுமானவை. அதற்கு முந்திய வேகமான விரிவுக்குப் போதவில்லை. அதற்கிடையே வெப் தொலைநோக்கி இன்னும் முற்பட்ட காலத்தைக் காட்டியது. 2023-இல் ஆராயப்பட்ட ஜி.எஸ்.-9209 என்ற மண்டலம், பேரண்டம் தோன்றி 125 கோடி ஆண்டே ஆகியிருந்தபோது முற்றிலும் ஓய்ந்திருந்தது. அதன் நிறை ஏறத்தாழ 4,000 கோடி சூரியன். பாதி ஒளி ஆரம் வெறும் 700 ஒளியாண்டு. இத்துணைச் சிறிய விதை இன்றைய பெருமண்டலமாவதற்குள் எத்தனை கட்டங்களைக் கடந்திருக்க வேண்டும்! முதற்கட்டத்து விரிவின் கதை இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை.

நம் வானமும் நம் மலைகளும்

இவையெல்லாம் எங்கோ நடப்பவை. நமக்கென்ன என்று கேட்கலாம். வெறுங்கண்ணாலேயே இதன் தடயத்தைக் காண நம் ஊர் ஏற்ற இடம். மே மாதத்தில், நிலவில்லாத இரவு பத்து மணி அளவில், நகர வெளிச்சம் படாத வயல்வெளியில் நின்று நேர் தெற்கே பாருங்கள். அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை உயரத்தில் மங்கிய பஞ்சுப் பொட்டுப் போல ஒன்று தெரியும். அதுவே ஒமேகா சென்டாரி. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இது அடிவானத்திற்கு மேலே வருவதே இல்லை. ஒரு கோடி அளவில் விண்மீன்கள் செறிந்த இக்கொத்து, நமது பால்வழி மண்டலம் முற்காலத்தில் விழுங்கிய குள்ள மண்டலம் ஒன்றின் எஞ்சிய நடுப்பகுதி என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். பால்வழி இன்னும் ஓயாத மண்டலம். ஆயினும் அதுவும் விழுங்கியே வந்திருக்கிறது. கையடக்கத் தொலைநோக்கி இருந்தால் இதற்குச் சற்று மேலே சென்டாரஸ் ஏ என்ற நீள்வட்ட மண்டலத்தையும் காணலாம். ஓடுகளும், விழுங்கியதன் எச்சமாகக் கருதப்படும் தூசுப் பட்டையும் உடையது அது. பௌர்ணமி அன்று ஊரே விழித்திருக்கும். வானம் பார்க்க விரும்புவோர் அமாவாசையைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

நமக்கு வடக்கே நீண்டு கிடக்கும் சவ்வாது மலையில், காவலூரில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அறிஞர் வைணு பாப்பு அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்து, 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் பணி தொடங்கினார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டு, அவர் மறைவுக்குப் பின் 1986 ஜனவரி 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பொறுப்பில் உருவான புறஊதாத் தொலைநோக்கி, 2015 செப்டம்பரில் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் விண்ணேறியது. இளநீல விண்மீன்கள் மிகுதியாக உமிழ்வது புறஊதா ஒளியே. ஆதலால் ஒரு மண்டலம் உண்மையாகவே ஓய்ந்துவிட்டதா, அல்லது எங்கோ ஓர் ஓரத்தில் இன்னும் பிறப்பு நடக்கிறதா என்பதைக் கண்டறிய இது தக்க கருவி.

பெரியது தன் பழைய நடுவை இழக்காமல், சிறியவற்றால் விரிகிறது என்பதே இவ்வாராய்ச்சி நமக்குக் கூறும் செய்தி. எவ்வளவு விரிவு சேர்ந்ததால் வந்தது, எவ்வளவு புதிதாக ஓய்ந்தவை வந்து கலந்ததால் தோன்றியது என்று பிரித்துச் சொல்லும் வேலை எஞ்சியிருக்கிறது. தாளும் பேனாவும் கொண்டு 1943-இல் ஒருவர் போட்ட கணக்கு இன்றும் அவ்வேலைக்குக் கருவியாகிறது. மாநிலக் கல்லூரி வகுப்பறையிலிருந்து அவர் சென்றார். நம் வகுப்பறைகளிலிருந்தும் எஞ்சிய கணக்கைப் போட யாரேனும் செல்வார்களாக.